ஸ்கேன் சீட்டில் காலியாகக் கிடக்கும் கட்டங்கள்

"யுஎஸ்ஜி – ஏஎன்சி. 8 மாசம்."

ஸ்கேனுக்கு அனுப்புகிற டாக்டர் எழுதிய சீட்டு அவ்வளவுதான். யுஎஸ்ஜி என்றால் ஸ்கேன், ஏஎன்சி என்றால் கர்ப்பகாலப் பரிசோதனை. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து, பாதி பதிந்த ரப்பர் ஸ்டாம்ப். திருநெல்வேலிச் சீமையில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கும் எந்த அறையிலும் இப்படிச் சீட்டு வராத நாள் அபூர்வம். இதையே வேறொருவர் எழுதினால் இப்படி இருக்கும்:

"ஜி3 பி1 எல்1 ஏ1. எல்எம்பி 12 மார்ச் 2025, நிச்சயம், 28 நாள் சுழற்சி. 9 மே ஸ்கேனில் 8 வாரம் 2 நாள், ஒத்துப்போகிறது. ஈடிடி 17 டிசம்பர் 2025. இன்று 22 அக்டோபர், 32 வாரம். 2021-இல் சிசேரியன். 20 வார ஸ்கேனில் நஞ்சு முன்சுவரில், உள்வாயை மூடியிருந்தது. ரத்தக் கசிவு இல்லை. நஞ்சு விலகிவிட்டதா? பழைய தழும்போடு ஒட்டிப் பிடித்த அறிகுறி உண்டா? எடை, நீர் பார்க்கவும்."

முதல் வரி சொல்வது: மூன்றாவது கர்ப்பம், ஒரு பிரசவம், உயிரோடு ஒரு குழந்தை, கலைந்தது ஒன்று. எல்எம்பி கடைசி மாதவிலக்குத் தேதி, ஈடிடி பிரசவம் எதிர்பார்க்கும் தேதி, நஞ்சு என்பது நஞ்சுக்கொடி, உள்வாய் கருப்பை வாயின் உள்பக்கம். இரண்டும் ஒரே பெண்ணுக்கான சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சீட்டைப் பார்க்கிற ஸ்கேன் டாக்டர் தலை, வயிறு, தொடை எலும்பு அளப்பார், நீர் பார்ப்பார், தலை கீழே இருக்கிறதா என்று பார்ப்பார், அடுத்தவரைக் கூப்பிடுவார். இரண்டாவது சீட்டு கையில் இருந்தால் சிறுநீர்ப்பை ஓரளவு நிறையட்டும் என்று காக்க வைப்பார். நஞ்சுக்கும் கர்ப்பப்பைத் தசைக்கும் நடுவே தெரியவேண்டிய கருங்கோடு இருக்கிறதா, நஞ்சுக்குள் ரத்தக் குட்டைகள் உண்டா, சிறுநீர்ப்பைச் சுவரைத் தாண்டி ரத்தக் குழாய் ஓடுகிறதா என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் போட்டுத் தேடுவார். நஞ்சின் விளிம்பு உள்வாயிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்பதைப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் அளப்பார். 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கீழிறங்கிய நஞ்சு என்றே எழுதுவார். தழும்பில் வேர்விட்ட நஞ்சு பிரசவ மேசையில்தான் முதன்முதலாகத் தெரிகிறது என்றால், ரத்தம் ஏற்பாடு செய்யக்கூட நேரம் இருக்காது. மிஷின் ஒன்று, டாக்டரும் ஒருவரே. சீட்டுதான் வேறு.

சீட்டை நிரப்புவதில் ஒரு வழக்கம் உண்டு. பெயர், வயது, ஓபி (வெளிநோயாளர் பிரிவு) எண், தேதி இவையெல்லாம் அநேகமாக எல்லாச் சீட்டிலும் இருக்கும். அவற்றை எழுதுவது பதிவு கவுன்ட்டரோ நர்ஸோ. காலியாகக் கிடப்பவை எல்எம்பி, முந்தைய ஸ்கேன் முடிவு, பழைய பிரசவ வரலாறு, எதற்காக ஸ்கேன் என்கிற கேள்வி. அதாவது, ஸ்கேன் அறையில் கேட்டே தெரிந்துகொள்ளக்கூடியவை நிரம்பியிருக்கின்றன, அனுப்புகிற டாக்டர் விசாரித்து எழுதவேண்டியவை காலி. அதனால் ஒரு சீட்டில் பத்துக் கட்டத்தில் எட்டு நிரம்பியிருக்கிறது என்பதை வைத்து நல்ல சீட்டு என்று சொல்லிவிட முடியாது. எந்த இரண்டு காலி என்று பார்க்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முதலில் எல்எம்பி. கடைசி மாதவிலக்கின் முதல் நாள். இதைக் கேட்கும் விதத்திலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துன?" என்று கேட்டால் அவள் தலைக்குக் குளித்த நாளைத்தான் சொல்வாள். அது மூன்றாம் நாளாகவோ ஐந்தாம் நாளாகவோ இருக்கும். "எப்ப இருந்து நாள் தள்ளிப் போச்சு?" என்று கேட்டால் வரவேண்டிய நாளைச் சொல்வாள். அதையே எல்எம்பி என்று எழுதினால் கணக்கு நாலு வாரம் பிசகும். கேட்கவேண்டியது: "வீட்டுக்குத் தூரமான முதல் நாள், ரத்தம் பட்ட நாள் எது? அதுக்கு முந்தின மாசம் எப்ப?" இரண்டு மாதத் தேதியும் கிடைத்தால் சுழற்சி எத்தனை நாள் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

தமிழ் மாதக் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. கிராமத்துப் பெண்கள், அதிலும் கூடவே வரும் மாமியார், "ஆவணி அஞ்சாந் தேதி" என்று சுத்தமாகச் சொல்வார்கள். அவசரத்தில் அதை 5-8 என்று எழுதிவிடுகிறார்கள். ஆவணி பிறப்பதே ஆகஸ்ட் 17-ஐ ஒட்டித்தான். ஆவணி 5 என்றால் ஆகஸ்ட் 21. பதினாறு நாள் வித்தியாசம். ஓபி மேசையில் ஒரு நாள்காட்டி, தமிழ்த் தேதியும் பிறையும் அச்சிட்ட சாதாரணத் தினசரிக் காலண்டர், தொங்கினாலே இந்தத் தப்பு போய்விடும். போன வருடக் காலண்டரையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கவேண்டும். தை மாசம் வருகிறவளுக்கு எல்எம்பி போன வருடத்தில்தான் இருக்கும்.

தேதி நினைவில்லை என்று சொல்பவர்களிடம் "தெரியாது" என்று உடனே போட்டுவிடாதீர்கள். இந்த மண்ணில் நாளை நினைவூட்ட நிறைய இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு முந்தியா பிந்தியா? ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போக முடிந்ததா, தூரமென்று வீட்டில் இருந்தாளா? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்தாளா? கோயிலுக்குப் போகாமல் நின்ற நாளை எந்தப் பெண்ணும் மறப்பதில்லை. மேலப்பாளையத்துப் பெண்களிடம் நோன்பு மாதத்தைக் கேளுங்கள். விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் கணக்குத் தீர்க்கவேண்டும் என்பதால் எத்தனை நாள், எந்தப் பிறையில் விட்டது என்று மிகச் சரியாகச் சொல்வார்கள். இப்படி எடுத்த தேதிக்குப் பக்கத்தில் "தோராயம்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், ஸ்கேன் பார்ப்பவர் அதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்வார். நிச்சயம், தோராயம், தெரியாது என்ற மூன்றில் ஒன்றை எழுதாத எல்எம்பி பாதி எல்எம்பிதான்.

தேதியை 4-11 என்று எழுதுவதும் வேண்டாம். ஏப்ரலா நவம்பரா என்று படிக்கிறவர் முழிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதி, வருடத்தையும் போட்டுவிடுங்கள்.

டெஸ்ட் ட்யூப் முறையில் தரித்த கர்ப்பம் என்றால் எல்எம்பி கேட்டுப் பயனில்லை. கரு வைத்த தேதியும் அது எத்தனையாவது நாள் கரு என்பதும் வேண்டும். ஐந்தாம் நாள் கரு என்றால் வைத்த தேதியிலிருந்து 19 நாள் பின்னால் போனால் எல்எம்பிக்குச் சமமான தேதி கிடைக்கும்.

எல்எம்பி அளவுக்கே முக்கியம் முதல் ஸ்கேன். தேதியை உறுதி செய்வது அதுதான். 8 வாரம் 6 நாள் வரை எடுத்த ஸ்கேன் எல்எம்பியோடு 5 நாளுக்கு மேல் விலகினால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வது வழக்கம். 9 முதல் 16 வாரத்துக்குள் 7 நாளுக்கு மேல், 16 முதல் 22-க்குள் 10 நாளுக்கு மேல், 22 முதல் 28-க்குள் 14 நாளுக்கு மேல், அதற்கப்புறம் 21 நாளுக்கு மேல். மாதம் ஏற ஏற ஸ்கேன் சொல்லும் வயது தளர்ந்துகொண்டே போகிறது என்பதை இந்த எண்களே காட்டும். முதல் ஸ்கேனில் ஒருமுறை ஈடிடியை நிர்ணயித்துவிட்டால் பிறகு அதை மாற்றக்கூடாது.

எட்டாம் மாதச் சீட்டில் இந்த இரண்டு தேதியும் இல்லாவிட்டால் நடப்பது இதுதான். குழந்தை உண்மையில் 32 வாரம். வளர்ச்சி குன்றி 29 வாரத்து அளவில் நிற்கிறது. சீட்டில் "8 மாசம்" என்று மட்டும் இருக்கிறது. ஸ்கேன் பார்ப்பவருக்கு ஒப்பிட எதுவுமில்லை. "29 வாரம், அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, ஈடிடி ஜனவரி" என்று அறிக்கை போகும். அதைப் பார்த்து ஓபியில் அவளுடைய தாய் சேய் நல அட்டையில் உள்ள ஈடிடியை அடித்து ஜனவரி என்று திருத்துவார்கள். வளராத குழந்தை, இளைய குழந்தை என்ற பெயரில் தப்பிப்போய்விடுகிறது. டாப்ளர் பார்த்திருக்கவேண்டிய வாரங்கள் சும்மா கழிகின்றன. ஒரு காலிக் கட்டத்தால் வரும் கெடுதல்களில் இதைவிடப் பெரியது இல்லை என்றே நினைக்கிறேன். இதைத் தடுக்க "9 மே, 8 வாரம் 2 நாள்" என்று அட்டையைப் பார்த்து நகல் எழுதினால் போதும்.

தேதி தவறினால் வேறு கதவுகளும் மூடிவிடும். குழந்தையின் பிடரித் தோலடி நீரை அளக்கும் என்டி ஸ்கேனுக்குக் குழந்தையின் தலை முதல் புட்டம் வரை நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். அதாவது 11 வாரத்துக்கு மேல், 14-ஐத் தொடுமுன். உறுப்புக் குறைகளைத் தேடும் அனாமலி ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும். 20-லிருந்து 24 வரை குறிப்பிட்ட வகைப் பெண்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் சொல்லவேண்டும். 24-ஐத் தாண்டிப் பெரிய குறை தெரிந்தால் மருத்துவக் குழுவிடம் போகவேண்டும். "அனாமலி பார்க்கவும்" என்ற சீட்டோடு 26 வாரத்தில் வருகிற குடும்பத்துக்கு அந்த நாட்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

அடுத்தது, எதற்காக ஸ்கேன் என்கிற கேள்வி. "ஏஎன்சி" என்பது காரணம் ஆகாது, அவள் கர்ப்பிணி என்பதுதான் வயிற்றைப் பார்த்தாலே தெரிகிறதே. ஸ்கேன் அறையில் சட்டப்படி நிரப்பவேண்டிய ஃபார்ம் எஃப்-இல் கர்ப்பகால ஸ்கேனுக்கான காரணங்கள் 23 அச்சிட்டிருக்கின்றன. கர்ப்பம் உள்ளே தங்கியதா வெளியேயா என்பதில் தொடங்கி, வயது கணிப்பு, எத்தனை குழந்தை, ரத்தப்போக்கு, கருப்பை வாய், நீர், நஞ்சு, பழைய சிசேரியன் தழும்பு, வளர்ச்சி, டாப்ளர் என்று போகும். அனுப்புகிறவர் அந்தப் பட்டியலை மனதில் வைத்து ஒரு வரி எழுதினால் ஸ்கேன் அறையில் யாரும் ஊகித்து டிக் அடிக்கவேண்டியதில்லை.

அந்த ஒரு வரியோடு கூடவே வரவேண்டிய விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். வயிறு சிறிதாக இருக்கிறது என்றால் கருப்பை உயரம் எத்தனை சென்டிமீட்டர், ரத்த அழுத்தம் எவ்வளவு. ஏற்கெனவே ஐந்தாம் மாதத்தில் வலியில்லாமல் கலைந்தது என்றால் கருப்பை வாயின் நீளம் வேண்டும் என்று எழுதவேண்டும். அதைப் பிறப்புறுப்பு வழியாகத்தான் சரியாக அளக்க முடியும். 25 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழ் என்றால் சிகிச்சை பற்றி யோசிக்கவேண்டும். இரட்டை என்றால் நஞ்சு ஒன்றா இரண்டா என்பதை 14 வாரத்துக்குள் கேட்டுவிடவேண்டும். பிறகு கேட்டால் பதில் உறுதியாக வராது. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்தால் இதயமும் முதுகெலும்பும் நிதானமாகப் பார்க்கப்படும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவளுக்கும் முதுகெலும்பு அப்படியே. மாத்திரையின் பெயரைத்தான் எழுதவேண்டும், "வலிப்பு மருந்து" என்று எழுதினால் போதாது. முந்தைய சிசேரியன் என்றால் ஆறு, ஏழு வாரத்துச் சீட்டிலேயே எழுதவேண்டும். கரு தழும்பிலேயே தங்கியிருக்கிறதா என்று அப்போதே தேட முடியும்.

நம் பக்கத்தில் விட்டுவிடவே கூடாதது சொந்தத்தில் கல்யாணம். "சொந்தம்" என்று மட்டும் எழுதினால் பாதிதான். அக்கா மகளைக் கட்டியதா, அத்தை மகன் மாமன் மகளா, தூரத்து உறவா? தாய்மாமனும் மருமகளும் மரபணுவில் கால் பங்கு பகிர்கிறார்கள், அத்தை மகன் மாமன் மகள் அரைக்கால் பங்கு. முந்தைய குழந்தை இறந்திருந்தால் எத்தனை நாளில், என்ன குறையோடு என்பதும் வேண்டும். அந்தக் குறையைத்தான் இந்தக் குழந்தையிடம் முதலில் தேடுவார்கள். உறவைக் கேட்கும்போது புருஷன் வீட்டார் முன்னால் கேட்காமல் அவளைத் தனியாகக் கேளுங்கள். சங்கடமில்லாமல் சொல்வாள்.

எழுதக்கூடாததும் உண்டு. எச்ஐவி நிலை ஸ்கேனுக்குத் தேவையில்லை. பத்துப் பேர் கை மாறும் சீட்டில் அது வரக்கூடாது. குழந்தை ஆணா பெண்ணா என்பது பற்றி ஒரு குறியீடுகூட, எந்த வடிவத்திலும், எந்தப் பக்கமும் இருக்கக்கூடாது.

ஆள் அடையாளம் எளிது என்று தோன்றும். இசக்கியம்மாள், பேச்சியம்மாள், முத்துலட்சுமி என்று ஒரே வார்டில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். புருஷன் பெயரைச் சேர்த்தாலும் இசக்கிமுத்துவும் சுடலைமுத்துவும் திரும்பத் திரும்ப வருவார்கள். தலைப்பெழுத்தும் கல்யாணத்துக்குப் பிறகு சிலருக்கு அப்பா பெயர், சிலருக்குப் புருஷன் பெயர். பிரித்துக் காட்டுவது தாய் சேய் நலப் பதிவில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தரும் 12 இலக்க ஆர்சிஹெச் எண் ஒன்றுதான். தாய் சேய் நல அட்டையில் இருக்கும், கிராம சுகாதார செவிலியரிடமும் இருக்கும். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனதும் முகவரி மாறிவிடும், நாங்குநேரி முகவரியோடு அம்பாசமுத்திரத்தில் ஸ்கேன் பார்ப்பாள். அதனால் இரண்டு முகவரியும், அவள் கையிலேயே இருக்கும் போன் எண்ணும் வேண்டும். புருஷன் எண்ணை மட்டும் எழுதி, அவர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் அவசர முடிவைச் சொல்ல ஆள் கிடைக்காது.

அனுப்பியவர் யார் என்பதும் அப்படித்தான். கர்ப்பகால ஸ்கேனைக் கட்டுப்படுத்தும் 1994-ஆம் வருடத்துச் சட்டத்தின் ஃபார்ம் எஃப் அனுப்பிய டாக்டரின் முழுப்பெயரையும் முகவரியையும் கேட்கிறது, எல்எம்பி அல்லது வாரக் கணக்கையும் கேட்கிறது. பரிந்துரைச் சீட்டை அந்தப் படிவத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்தவேண்டும். பதிவேடுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்கவேண்டும். படிவத்தில் குறையோ தவறோ இருந்தால், வேறு விதமாக நிரூபிக்கும் வரை அதையே சட்ட மீறலாக எடுத்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழைதானே என்று இதை விட்டுவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்துவிட்டது. முதல் குற்றத்துக்கே மூன்று வருடம் வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அனுப்புகிறவர் காலியாக விடும் கட்டத்துக்கு ஸ்கேன் பார்ப்பவர் பொறுப்பேற்க நேர்கிறது. ஸ்டாம்ப் மை தீர்ந்திருந்தால் பெயரையும் பதிவெண்ணையும் பேனாவால் எழுதிவிடுங்கள். வெற்றுச் சீட்டுக் கட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவைக்கும் பழக்கம் எங்கே இருந்தாலும் இன்றே நிறுத்தவேண்டியது.

குறைச் சீட்டு வந்தால் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்புவது சரியல்ல. காரையாறு, சேர்வலாறு பக்கத்திலிருந்து வருகிற காணிப் பெண்ணுக்கு ஒரு நாள் போய்விடும். முக்கூடலிலிருந்து வருகிற பீடி சுற்றும் பெண்ணுக்கு அன்றைய கூலி போய்விடும். "டாக்டரம்மா எழுதித் தந்தாவ, நான் என்ன செய்ய" என்று நிற்பவளிடம் கோபப்பட ஒன்றுமில்லை. போனில் அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். கேட்டதை அனுப்பியவரின் சீட்டில் நீங்கள் எழுதிச் சேர்க்காதீர்கள். தனித் தாளில் நேரம், பேசியவர் பெயரோடு குறித்து உடன் இணையுங்கள். சீட்டில் இல்லாததை அறிக்கையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவதும் நல்லது: "எல்எம்பி தரப்படவில்லை, முந்தைய ஸ்கேன் காட்டப்படவில்லை. வளர்ச்சி பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது." அந்த வரி இருந்தால் அட்டையில் ஈடிடியை யாரும் அடித்துத் திருத்தமாட்டார்கள்.

நம் ஆஸ்பத்திரியில் நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குச் செலவில்லாத வழி உண்டு. தொடர்ச்சியாக வந்த 100 சீட்டுகளை எடுங்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கக்கூடாது. ஒரு நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு விவரத்துக்கும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: இருக்கிறது, இல்லை, இருந்தும் பயனில்லை. "ஏஎன்சி" என்ற காரணமும் வருடமில்லாத எல்எம்பியும் மூன்றாவதில் விழும். முதல் கர்ப்பத்துக்கு முந்தைய சிசேரியன் கட்டம் காலியாக இருந்தால் அது குறையில்லை, பொருந்தாது. அதைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். முதல் 20 சீட்டை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டால், எதைப் பயனில்லை என்கிறோம் என்பதில் ஒருமித்த கருத்து வந்துவிடும். பிறகு மொத்தச் சதவீதம் போடாமல் விவரவாரியாகச் சதவீதம் போடுங்கள். சராசரி எடுத்தால் பெயரும் வயதும் சேர்ந்து எல்எம்பியின் ஓட்டையை மறைத்துவிடும். முடிவைக் காட்டும்போது யூனிட் வாரியாகக் காட்டுங்கள், டாக்டர் பெயர் வேண்டாம். பெயர் வந்தால் அடுத்த மாதம் எல்லாக் கட்டமும் நிரம்பும், ஆனால் ஊகத்தால் நிரம்பும். காலியாக இருந்ததைவிட அது மோசம்.

அதோடு சீட்டின் அச்சையும் மாற்றிப் பாருங்கள். எல்எம்பிக்கு நாள், எழுத்தில் மாதம், வருடம் என்று தனித்தனிக் கட்டம், பக்கத்தில் நிச்சயம், தோராயம், தெரியாது. அதன் கீழே "முதல் ஸ்கேன் தேதி, அன்று வாரம், நாள்". முந்தைய சிசேரியனுக்கு ஆம், இல்லை. அடியில் "நீங்கள் கேட்கும் கேள்வி" என்று தலைப்பிட்டு இரண்டு கோடு. "நோய்க்குறிப்பு" என்று அச்சிட்டால் ஏஎன்சி என்று எழுதத்தான் கை போகும். கேள்வி என்று கேட்டால் கேள்வி வரும். ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) யூனிட் மாறிக்கொண்டே இருப்பதால் புதிய குழு வந்த முதல் வாரத்தில் நிரப்பிய நல்ல சீட்டு ஒன்றை ஓபி மேசைக் கண்ணாடியின் அடியில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த 100 சீட்டை எடுக்கும்போது, குழு மாறிய வாரத்துச் சீட்டுகளைத் தனியாகப் பிரித்து எண்ணுங்கள்.